மொபைலில் விலைப்பட்டியல்: பெட்டிக்குள் தள்ள விடலாமா, பக்கத்தோடு விடலாமா?

கேள்வி – 9 மார்ச் 2024, இரவு 10.40

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மொத்த விலைப்பட்டியல் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ரகம், கலர், எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஐந்து அளவுக்கு ஐந்து விலை, ஒரு பெட்டிக்கு எத்தனை பீஸ், வரி என்று ஒன்பது நெடுக்குப் பத்திகள். கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது. போனில் பக்கமே அகலமாகி ஆடுகிறது. அதனால் அட்டவணை முழுவதையும் 400 பிக்சல் உயர டிவ் (பெட்டி) ஒன்றுக்குள் வைத்து, அது உள்ளேயே ஓடும்படி ஓவர்ஃப்ளோ ஸ்க்ரோல் கொடுத்துவிட்டேன். கூட வேலை செய்யும் அண்ணன், "ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் தொடுதிரைக்கு ஆகவே ஆகாது, தூக்கிவிடு" என்கிறார். தூக்கினால் ஒன்பது பத்தியை எங்கே வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 10 மார்ச் 2024, காலை 11.15

தம்பி, அண்ணன் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. இன்று காலையும் அதே வேலையாகத்தான் காசிமேட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

என் அத்தை காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குக் கொடுக்கிறார். முன்பு வாட்ஸாப்பில் குரல் அனுப்புவார். நவம்பரில் நான் ஒரு சின்னப் பக்கம் செய்து கொடுத்தேன்: மீன் பெயர், அளவு, கிலோ விலை, சுத்தம் செய்து வேண்டுமா என்று ஒரு டிக். 25, 26 வகை வரும். நீங்கள் செய்த அதே காரியத்தைத்தான் நானும் செய்தேன். பட்டியலை ஒரு பெட்டிக்குள் வைத்து, கீழே ஆர்டர் பட்டன் எப்போதும் கண்ணில் படும்படி விட்டேன். என் போனில் பார்க்க அழகாக இருந்தது.

முதல் வாரம் எல்லோரும் வஞ்சிரம், வவ்வால், இறால், சங்கரா இவற்றை மட்டுமே கேட்டார்கள். நெத்திலி, கிழங்கான், காரப்பொடி எல்லாம் அப்படியே தங்கின. அத்தை என் கையில் போனைக் கொடுத்து, "இன்னாடா இது, சங்கராவோட முடிஞ்சிடுதே, மத்ததெல்லாம் எங்க போட்ட?" என்றார். வாங்கிப் பார்த்தால், பெட்டியின் அடி விளிம்பு சங்கரா வரிக்குக் கீழே இருக்கும் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே இன்னும் 20 மீன் இருப்பதாக அந்தத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை. போனில் ஸ்க்ரோல்பார் விரல் நகரும்போது மட்டும்தான் தலைகாட்டும். விரல் வைப்பதற்கு முன்னால் அது எதையும் சொல்லாது. பட்டியல் அங்கேயே முடிந்தது என்று நினைத்தவர்கள் மேல் என்ன தப்பு?

10 மார்ச் 2024, காலை 11.40

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். உங்களுக்கு உயரத்தில் பிரச்சினையா, அகலத்திலா? கேள்வியைப் படித்தால் அகலம்தான் என்று தெரிகிறது. அப்புறம் எதற்கு 400 பிக்சல் உயரம்?

12 மார்ச் 2024, இரவு 9.30

"தொடுதிரைக்கு ஆகவே ஆகாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது சும்மா வந்த பேச்சு இல்லை. ஆரம்பகால ஐபோனில் பக்கத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டியைத் தள்ள வேண்டுமென்றால் இரண்டு விரல் வைக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. ஒரு விரலால் தள்ளினால் மொத்தப் பக்கமும் போகும். பழைய ஆண்ட்ராய்டு 2 காலத்து பிரவுசரில் அந்தப் பெட்டி அசையவே அசையாது. அதற்காகவே ஐஸ்க்ரோல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வந்தது. விரலின் ஒவ்வொரு அசைவையும் கணக்கெடுத்து, பெட்டியை அது தானே நகர்த்தும். நானும் அதைப் போட்டிருக்கிறேன். மலிவான போனில் விரல் ஒரு பக்கம் போகும், பட்டியல் பின்னாலேயே இழுபட்டு வரும்.

2011இல் ஐஓஎஸ் 5 வந்தபோது, "வெப்கிட் ஓவர்ஃப்ளோ ஸ்க்ரோலிங்: டச்" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றானது. ஒரு விரலில் ஓடும், விட்ட பிறகும் வேகம் தணிந்து நிற்கும். 2019இல் ஐஓஎஸ் 13க்குப் பிறகு அந்த வரியும் தேவையில்லை. ஆகவே இன்று பெட்டி ஓடுமா என்ற கவலை வேண்டாம், ஓடும். ஓடும் என்று பார்ப்பவருக்குத் தெரிகிறதா, எப்போது பெட்டி ஓடும் எப்போது பக்கம் ஓடும் என்று அவர் விரலுக்குப் புரிகிறதா, இதுதான் இன்றைய கேள்வி.

பழைய கோடில் ஐஸ்க்ரோல் இருந்தால் தூக்கிவிடுங்கள். பிரவுசர் தானாகச் செய்யும் ஸ்க்ரோல் அளவுக்கு நாம் எழுதும் எதுவும் வராது. அத்தை மாதிரி ஒருவர் கையில் இருக்கும் போனில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

17 மார்ச் 2024, மதியம் 2.05

ஞாயிறு கூட்டம் முடிந்து அத்தை இப்போதுதான் உட்கார்ந்தார். இன்று காலை பார்த்ததை மறப்பதற்கு முன் எழுதுகிறேன்.

ஒரு அம்மா அத்தையின் கடை எதிரிலேயே நின்று போனில் ஏழு மீனைத் தேர்ந்தெடுத்தார். திரும்ப மேலே போய் வஞ்சிரத்தின் அளவை மாற்றலாம் என்று பட்டியலைக் கீழ்நோக்கி இழுத்தார். பெட்டி உச்சிக்கு வந்து நின்றது. விரல் நிற்கவில்லை. அடுத்த இழுப்பு பக்கத்துக்குப் போனது, பக்கம் ஏற்கெனவே உச்சியில் இருந்ததால் புதுப்பிக்கும் அந்த வட்டம் சுற்றி, பக்கம் புதிதாகத் திறந்துகொண்டது. ஏழு டிக்கும் போய்விட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை, போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாயாலேயே சொல்லி வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

உள்பெட்டி முடிந்ததும் வெளிப்பக்கம் ஓடத் தொடங்குவது பிரவுசரின் இயல்பு. அதை நிறுத்த ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் என்ற பண்பு இருக்கிறது. கன்டெய்ன் என்று கொடுத்தால் இழுப்பு அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். குரோமில் 2017 கடைசியிலேயே வந்துவிட்டது, சஃபாரியில் 2022இல் 16ஆம் பதிப்பில்தான் வந்தது. பெட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டேன். என் போனில் நாற்பது தடவை இழுத்துப் பார்த்தேன், ஒருமுறைகூடப் புதுப்பிக்கவில்லை. தேர்ந்தெடுத்ததை அவ்வப்போது போனிலேயே சேமித்துவைக்கும்படியும் செய்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

18 மார்ச் 2024, காலை 8.10

ஈரக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசிமேட்டில் எல்லோர் கையும் ஈரம். அத்தை போனைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் திரை அதையும் விரல் என்று எண்ணும், இல்லையென்றால் உண்மையான விரலைக் கவனிக்காது. அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கொஞ்சம் உருட்டி, பிறகுதான் தள்ளுகிறார். தள்ளுவது என்று அவர் நினைப்பதைத் திரை பல தடவை தொட்டதாக எடுத்துக்கொண்டு, வேண்டாத மீனை டிக் செய்துவிடும்.

நான் செய்தது: வரி முழுவதையும் தொட்டால் டிக் ஆகும் என்று வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். வலது ஓரத்தில் 48 பிக்சலுக்கு ஒரு பொத்தான். கூகுள் சொல்வது 48, ஆப்பிள் சொல்வது 44, 2023இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டி டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 கேட்கும் குறைந்தபட்சம் 24. ஈரக் கைக்கு 24 போதாது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். வரியின் மிச்ச இடமெல்லாம் விரல் வைத்துத் தள்ளுவதற்கு மட்டும். ஓடும் பட்டியலில் விரல் சும்மா இளைப்பாற ஓர் இடம் வேண்டும்.

2 ஏப்ரல் 2024, இரவு 11.00

அகலத்துக்கு வருவோம், தம்பியின் உண்மையான கேள்வி அதுதான்.

அட்டவணை அகலமாக இருந்தால் அதை மட்டும் ஒரு டிவ்வுக்குள் வைத்து, பக்கவாட்டில் ஓட ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ கொடுங்கள். உயரத்தைத் தொடாதீர்கள். அப்போது பக்கவாட்டில் தள்ளினால் அட்டவணை ஓடும், மேலும் கீழும் தள்ளினால் பக்கம் ஓடும். இரண்டும் வேறு வேறு திசை என்பதால் விரலுக்குக் குழப்பம் இல்லை. முதல் பத்தியை, அதாவது ரகத்தின் பெயரை, பொசிஷன் ஸ்டிக்கி, லெஃப்ட் 0 என்று நிறுத்திவைத்தால் டபுள் எக்ஸ்எல் விலையைப் பார்க்கும்போதும் எது என்ன ரகம் என்று தெரியும்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் ஒரு ராத்திரி முழுக்க விழுந்து கிடந்தேன். தலைப்பு வரியையும் பக்கத்தின் உச்சியில் நிறுத்த டாப் 0 கொடுத்தேன். நிற்கவே இல்லை. ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ என்று எழுதினாலே, நாம் சொல்லாமல் விட்ட மேல்-கீழ் ஓவர்ஃப்ளோ-ஒய்யும் விசிபிள் என்பதிலிருந்து ஆட்டோவாக மாறிவிடும். ஆகவே அந்த டிவ் இரண்டு திசைக்கும் ஸ்க்ரோல் பெட்டி ஆகிவிடுகிறது. ஸ்டிக்கி எப்போதும் தனக்கு மிக அருகில் இருக்கும் ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியோ மேலும் கீழும் ஓடவே போவதில்லை, அப்புறம் எங்கே ஒட்டுவது?

தலைப்பு நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால்தான் பெட்டிக்கு உயரம் கொடுக்க வேண்டிவரும். அங்கேதான் அண்ணன் சொல்லும் ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் வந்து உட்காருகிறது.

2 ஏப்ரல் 2024, இரவு 11.25

பக்கவாட்டுப் பெட்டியில் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்லைடர் எதையும் சேர்க்காதீர்கள். கட்டைவிரல் நேர்கோட்டில் போகாது, வில் மாதிரி வளைந்துதான் போகும். அந்த வளைவைப் பார்த்து இது எந்தத் திசை என்று முடிவெடுத்து அதிலேயே நிறுத்தும் வேலையை பிரவுசர் தானே செய்கிறது. ஸ்லைடர் நடுவில் புகுந்து, விரல் நகர்வைச் சொல்லும் டச்மூவ் நிகழ்வைத் தடுத்தால், அதன் மேல் விரல் வைத்த ஆள் பக்கத்தைக் கீழே தள்ளவே முடியாமல் மாட்டிக்கொள்வார். வேறு வழியில்லாமல் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்தப் பெட்டிக்கு டச்-ஆக்‌ஷன்: பேன்-ஒய் கொடுத்துவிடுங்கள். மேல் கீழ் ஓட்டம் பிரவுசர் கையில் இருக்கும், பக்கவாட்டு மட்டும் ஸ்லைடருக்கு.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறுகைக் கட்டைவிரலால் உங்கள் பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள். மேசையில் தெரியாதது எல்லாம் தெரியும்.

28 ஏப்ரல் 2024, மாலை 6.20

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் கரையோரமாகப் பிடித்து வருவதுதான் வரும். அத்தையின் பட்டியல் ஏழு, எட்டு வரியாகச் சுருங்கிவிட்டது.

இதற்கிடையில் பெட்டியின் உயரத்தை மாற்றினேன். கடைசி வரி பாதி மட்டும் தெரியும்படி வெட்டினேன். மீன் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் யாராக இருந்தாலும் கீழே இருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் "மீன் தெரியவில்லை" என்று சொல்லவில்லை. பாதி வரி முறை நல்ல தீர்வு என்று தாராளமாகச் சொல்வேன்.

5 மே 2024, இரவு 8.45

மார்ச் 17 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். பக்கம் தானாகப் புதுப்பிப்பது மறுபடியும் வந்துவிட்டது.

கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது மீன் மட்டும். எட்டு வரி பெட்டிக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது, உள்ளே ஓட ஒன்றும் இல்லை. அப்படி ஓடாத பெட்டியில் கொடுத்த கன்டெய்னை 2024இன் குரோம் கண்டுகொள்வதில்லை, இழுப்பு நேராகப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் ஒரு பொய் மீனைச் சேர்த்து வரியை அதிகமாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வரி கூடியதும் பிரச்சினை மறைந்தது.

இப்போது அதே பண்பை எச்டிஎம்எல் மூல உறுப்புக்கே ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-ஒய்: கன்டெய்ன் என்று கொடுத்துவிட்டேன். ஆண்ட்ராய்டு குரோமில் இழுத்துப் புதுப்பிப்பது நின்றுவிட்டது. பட்டியல் நிறைந்திருக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுதியது என் தவறு. காலியாக, ஒரே வரியோடு, நிறைந்து வழிய என்று மூன்று நிலையிலும் சோதியுங்கள்.

16 ஜூன் 2024, காலை 10.50

படகெல்லாம் போய் வந்துவிட்டன. காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. பட்டியலில் இன்று 31 வகை. அத்தை காலை ஆறு மணிக்கே கூப்பிட்டார். "மறுபடியும் பாறை மீனோட நின்னுடுச்சிடா."

ஏப்ரல் 28 அன்று நான் பாராட்டிய பாதி வரி முறை போய்விட்டது. உண்மையில் அது அப்போதும் வேலை செய்திருக்கவில்லை. தடைக்காலத்தில் பட்டியலே எட்டு வரி, பெட்டியில் எல்லாமே தெரிந்தது, அதனால்தான் ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் அதை என் வேலையின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். அத்தையின் போனில் எழுத்து அளவு பெரிதாக வைத்திருக்கிறார், வரியின் உயரம் கூடி, வெட்டு மறுபடியும் சரியாகக் கோட்டின் மேல் விழுந்துவிட்டது. பிக்சலில் கணக்குப் போட்டு வெட்டினால் ஒரு போனில் பாதி தெரியும், இன்னொன்றில் முழுதாக முடியும்.

18 ஜூன் 2024, இரவு 10.15

பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

பட்டியல் இப்போது பக்கத்தோடு ஓடுகிறது. ஒரே ஸ்க்ரோல். ஆர்டர் பட்டன் மட்டும் ஸ்டிக்கியாக அடியில் ஒட்டியிருக்கிறது, அதற்குப் பின்னால் மீன் பெயர்கள் போய் மறைவதைப் பார்த்தாலே கீழே இருக்கிறது என்று தெரிகிறது. உச்சியில் "இன்று 31 வகை" என்று ஒரு வரி. நான்கு பத்தியாக இருந்ததை வரிக்கு இரண்டு அடுக்காக மாற்றினேன்: மேலே பெயர், எதிரில் விலை, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அளவு. பக்கவாட்டில் தள்ளவும் வேண்டாம், தலைப்பும் வேண்டாம். விலைக்குப் பக்கத்திலேயே "கிலோ" என்று இருந்தால் தலைப்பு எதற்கு?

பெட்டியை வைத்தது பட்டன் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. ஸ்டிக்கி அந்த வேலையைச் செய்யும்போது பெட்டிக்கு வேலை இல்லை. இதை நான் நவம்பரிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

7 ஜூலை 2024, மாலை 4.30

"அப்படியென்றால் உயரப் பெட்டியே கூடாதா" என்று கேட்டவருக்கு: வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல், அரட்டைத் திரை, திரையில் எழும்பும் ஒரு தாள், இவற்றுக்கு வேண்டும். அப்போது உயரத்தை 100 விஎச் (முழுத் திரை உயரம்) என்று போடாதீர்கள். முகவரிப் பட்டை இருக்கும்போது அந்த உயரம் திரையைத் தாண்டிவிடும், அடியில் உள்ளது மறையும். முகவரிப் பட்டை வந்து போவதற்கேற்ப மாறும் டிவிஎச் என்ற அலகு 2022இலிருந்து சஃபாரியிலும் குரோமிலும் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் என்ற அமைப்புக்குள் வைத்த பெட்டி ஓடாமல் வளர்ந்துகொண்டே போனால் மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 0 கொடுங்கள்.

கீழே இன்னும் இருக்கிறது என்று காட்ட, விளிம்பில் நிழல். வலைப்பக்க வடிவமைப்பு பற்றி எழுதும் லேயா வெரு 2012இல் எழுதிய முறை இன்றும் அழகு: பின்னணிப் படங்களில் சிலவற்றை உள்ளடக்கத்தோடு நகரவிட்டு, சிலவற்றைப் பெட்டியோடு நிறுத்தினால், முனைக்கு வந்ததும் நிழல் தானே மறையும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. ஆனால் வரிகளுக்கு வெள்ளைப் பின்னணி போட்டால் நிழல் அடியில் மூடிப்போகும்.

27 அக்டோபர் 2024, மதியம் 12.10

துணிக்கடை தம்பி திரும்ப வந்திருக்கிறார், மகிழ்ச்சி. கடைக் கணக்காளர் கீபோர்டில் மட்டும் வேலை செய்வார், அவரால் பக்கவாட்டு அட்டவணையை நகர்த்த முடியவில்லை என்கிறார். உள்ளே லிங்க்கோ பட்டனோ இல்லாத பெட்டிக்குப் பல பிரவுசர்களில் டேப் விசை போய் நிற்காது, நிற்காவிட்டால் அம்பு விசையும் வேலை செய்யாது. டிவ்வுக்கு டேப் விசை வந்து நிற்க டேப்இண்டெக்ஸ் 0, அது தனிப் பகுதி என்று சொல்ல ரோல் ரீஜன், பெயராக "விலைப்பட்டியல்" என்று ஒரு ஏரியா-லேபிள் கொடுங்கள். இந்த மாதம் வந்த குரோம் 130இல் இதைப் பிரவுசர் தானாகவே செய்யத் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் நீங்கள் எழுதிவிடுங்கள். கண் தெரியாதவர் திரைவாசிப்பானில் கேட்கும்போது அந்தப் பெயர்தான் அவருக்கு வழி.

3 நவம்பர் 2024, இரவு 9.05

தம்பி, உங்கள் பக்கத்தை என் போனில் திறந்தேன், அப்புறம் அத்தை போனிலும் திறந்தேன். 400 பிக்சல் உயரம் போய்விட்டது, பக்கம் ஒரே ஓட்டமாகப் போகிறது. இரண்டு போனிலும் எக்ஸ்எல் பத்தி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. எழுத்து பெரிதானாலும் வெட்டு கோட்டில் விழவில்லை, நிழலும் இருப்பதால் கவலை இல்லை. அத்தை கேட்காமலேயே விரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினார்.

ஒன்று மட்டும் பாக்கி. நிறுத்திவைத்த ரகப் பத்திக்குப் பின்னணி நிறம் இல்லை. தள்ளும்போது எம் (M) அளவின் விலை வந்து ரகத்தின் பெயர் மேலேயே ஏறி, இரண்டும் படிக்க முடியாமல் போகிறது. அந்தப் பத்திக்கு மட்டும் வெள்ளை போட்டுவிட்டு அனுப்புங்கள், அடுத்த ஞாயிறு மறுபடி காசிமேட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.